ஏழாவதோ எட்டாவதோ

முதல் அடி என்னுடையது இல்லை.
இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்,
யாரும் கேட்காமலேயே.
என்னுடையது ஏழாவதோ எட்டாவதோ.
எனக்கு முன்னால் தொபியாஸ் இருந்தான்.
அவனுக்கு முன்னால் யார் என்பதை
முதுகுகள் மறைத்துக்கொண்டன.

வைகாசி. தடைக்காலம்.
பாம்பன் வடகரையில் விசைப்படகுகள்
வேலையற்றவர்களைப் போலத் தோள் உரசிக் கிடந்தன.
நிவாரணப் பணம் பேங்கில் ஏறிவிட்டது என்றார்கள்,
ஏறவில்லை என்றார்கள்.
வட்டிக்காரர் வந்து போனது மட்டும் நிச்சயம்.
மராமத்துக்குக் கரையேற்றிய கஸ்மீர் படகில்
பித்தளைக் காத்தாடியைக் காணோம்.
அந்த நேரம் பார்த்து
தோளில் சாக்குப் பையோடு நடந்து வந்தான் அவன்.

பையைக் கொட்டினோம்.
காலி பாட்டில்கள்.
ஒரு ஜோடி செருப்பு, குழந்தை அளவு.
பார்த்த பிறகும் அடித்தோம்.
பார்த்ததால் கொஞ்சம் கூடுதலாகவும்.

"கயிறு இருக்கா?" என்றது ஒரு குரல்.
"இருக்கு" என்றது என் குரல்.
கேட்டால் இல்லையென்னாமல் கொடுப்பது
எங்கள் ஊர்ப் பழக்கம்.

அதே கயிறுதான்.
போன கார்த்திகையில் வாடைக்காற்றில்
கவிழ்ந்த வள்ளத்திலிருந்து
நாலு பேரை இழுத்தோமே, அது.
தூரத்தில் சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள்.
எந்த ஊர், என்ன சாதி,
நம்மிடம் பாக்கி வைத்த ஆளா,
ஒன்றும் கேட்கவில்லை.
நாற்பதாயிரம் ரூபாய் வலையை
அறுத்து விட்டுவிட்டுப் போனோம்.
அறுத்தவன் தொபியாஸ்.
தன் கஞ்சியை முதலில் நீட்டியவனும் அவன்தான்.

எங்கள் ஊருக்கு இரண்டு கடல்.
ஆடியில் தென்கடல் அறைகிறபோது
வடகடல் தட்டில் ஊற்றிய வடிகஞ்சி.
வாடை திரும்பினால் இது ஏறும், அது படுக்கும்.
ஆண்கடல், பெண்கடல் என்று
பேர்கூட வைத்திருக்கிறோம்.
பாலத்துக்கு அடியில் போய் நின்றால்
ஒரே தண்ணீர்
இங்கிருந்து அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைச் செலஸ்தீனாவிடம் சொன்னேன்.
என் பொண்டாட்டி அவள்; மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.
"காத்துக்குக் கை கெடையாது" என்றாள்,
நிமிராமல்.

நிறுத்தியது யாருமில்லை.
தண்ணி லாரி வந்தது.
நாலு நாள் கழித்து வருகிற லாரி.
ஆரன் கேட்டதும்
வட்டம் பிய்ந்து குடம் குடமாக ஓடியது.
நான் குழாயைப் பிடித்தேன்.
வரிசையிலிருந்து இன்னாசியின் மகள் கத்தினாள்:
"கட்டிப்போட்ட ஆளுக்கும் ஒரு செம்பு குடுங்கப்பா!"
லாரித் தண்ணீரை யாருக்கும்
மறுத்ததில்லை நாங்கள்.

கொண்டுபோனேன்.
வாய் வீங்கியிருந்தது, குடிக்க முடியவில்லை.
தோள்துண்டை நனைத்துப் பிழிந்து விட்டேன்.
"மெதுவா, மெதுவா" என்றேன்.
பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் வருகிற குரல் அது.
எங்கிருந்து வந்தது,
அரைமணி முன்னால் எங்கே போயிருந்தது?
கயிற்றை அவிழ்த்தபோது
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கட்டியபோதும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் பேர் தெரிந்தது:
பூவலிங்கம், வயது 34, திருப்பாலைக்குடி.
இடது காது இனி கேட்காதாம்.
காத்தாடி இன்றுவரை கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால்,
அதுவும் அவன் பையிலேயே கிடைத்திருந்தால்,
நிம்மதியாகத் தூங்கியிருப்பேனோ என்று
சில ராத்திரி நினைப்பு வருகிறது.
அந்த நினைப்புக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

தடை முடிந்து மூன்றாம் நாள்
வடக்கே ஒரு நாட்டுப்படகு,
எஞ்சின் செத்து மிதந்தது.
சட்டை ஆடியது.
யோசிக்கும் முன்னே
என் கை சுக்கானைத் திருப்பியிருந்தது.
கயிற்றை வீசினேன்.
பிடித்தவன் சின்னப் பையன்,
உதடெல்லாம் உப்பில் வெடித்து.
"தங்கமான மனுசண்ணே நீங்க" என்றான்.

பதில் சொல்லவில்லை.
திரும்பி,
கரை எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.