அதே ஆறாம் பாடம்

புதுவயல் டவுன் பஸ்.
எங்கள் இருவருக்கும் டிக்கெட் இலவசம்;
சமம் அதோடு சரி.
உண்ணாமலைக்கு அரசுப் பள்ளி, எனக்கு மெட்ரிகுலேஷன்.
இரண்டு பைகளிலும் ஒன்பதாம் வகுப்பு அறிவியல்,
அதே ஆறாம் பாடம்.

அகவிலைப்படி ஏறியிருக்கிறதாம்.
நிலுவை வந்தால் வளையலை மாற்றுவாளாம்.
இருபத்திரண்டாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டு
பதினாலாயிரம் வாங்குகிறவள்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.
அவள் பிள்ளைப்பேற்றுக்கு ஓராண்டு விடுப்பு.
எனக்கு நாற்பத்தெட்டாம் நாள்
கரும்பலகை முன்னால் பால் கட்டிக்கொண்டது.

"எங்களுக்கும் பழைய பென்ஷன் இல்லடி" என்கிறாள்,
ஆறுதலாகத்தான்.

கண்டனூரில் இறங்குமுன்
ஒரு கவரை என் மடியில் வைக்கிறாள்:
"மகளோட டேர்ம் ஃபீஸ்.
உங்க ஆபீஸ்லயே கட்டிடு,
ரசீது மறந்துடாதே."

எண்ணிப் பார்த்தேன்.
என் இரண்டு மாதம்,
மேலே ஒரு ஐந்நூறு.