லிட்டருக்கு எவ்வளவு

ஹைப்ரிட் என்றார்கள்; ஷோரூமில் சொன்னது இருபத்தேழு.
கொடைக்கானல் ஏறும்போது பதினொன்று.
இறங்கும்போது தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது,
அதற்குமேல் காட்டத் திரையில் இடமில்லை.

ஊத்து தாண்டுமுன்பே பேட்டரி நிறைந்துவிட்டது.
மீதி மலையை எங்கே வைப்பது?
பிரேக்கில் தேய்த்துச் சூடாக்கி
வளைவுக்கு வளைவு கொட்டிக்கொண்டே வந்தேன்.
வத்தலக்குண்டில் ஜுனைதா டைரியில் குறித்தாள்:
பத்தொன்பது. பாதி மலை, பாதி பொய்.

ஊர்ப்பக்கம் வந்தால் ஏற்றமென்று ஏது?
உடைமரம், உப்புத்தரவை, தண்டவாளம்.
பாம்பன் பாலம் மட்டும் கொஞ்சம் கூன் போட்டிருக்கிறது.
ஏறி இறங்கியதில்
பேட்டரியில் ஒரு கோடு கூடியது.
சிரித்துக்கொண்டோம்.

திரும்பும்போதுதான்,
தட்டையான சாலையில்,
இருபத்திரண்டு இருபதாகி, பதினெட்டாகி...
ஏசியை அணைத்தேன். டயரை உதைத்துப் பார்த்தேன்.

உச்சிப்புளி டீக்கடையில் நின்ற சவேரியான்
திரையைப் பார்க்கவில்லை;
ஒரே பக்கமாய்ச் சாய்ந்த பனையோலையைப் பார்த்தார்.
"கச்சான் எதுக்க நிக்கிது.
எங்க வள்ளத்துக்கே இன்னைக்கு டீசல் ரெண்டு கேன் கூட."

காரில் ஏறியதும் ஜுனைதா
டைரியில் 'ஏற்றம்' என்ற கட்டத்தில்
காற்று
என்று எழுதினாள்.