தண்ணீர் மாதிரி

சுவைக் என்று பெயர் வைத்த ஊரில்
தண்ணீர் கரிக்கிறது.
அறிக்கையில் இதை எழுத விடமாட்டார்கள்,
அதனால் இங்கே.

மஸ்கட்டில் ஏழாம் மாடியில் உட்கார்ந்து
பாத்தினா கடற்கரையை
இருநூறு மீட்டர்க் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மண், ஒரு பயிர்,
ஒரு நீர்மட்டம், இத்தனை மூட்டை யூரியா.
பெய் என்றால் மழை பெய்யும்.
நாற்பது வருடம் ஓடு என்றால்
நான் டீ குடித்து வருவதற்குள் ஓடிவிடும்.

பதினேழாம் கிணறு மட்டும் பணியவில்லை.
நைட்ரேட் முப்பத்தெட்டு என்றது கணினி.
தொண்ணூற்றொன்று என்றது ஆய்வகம்.
மண்ணின் கசிவைக் கூட்டினேன்.
வேரின் பசியைக் குறைத்தேன்.
குப்பியைக் கழுவாமல் பிடித்திருப்பான் என்று
முகம் தெரியாத ஒருவனைத் திட்டினேன்.
மூன்று வாரம் போயிற்று.

வியாழக்கிழமை வண்டியை எடுத்தேன்.
தோட்டக்காரர் ஹிலால் அங்கில்லை,
சோஹார் துறைமுகத்தில் அவருக்குச் சம்பள வேலை.
அறுப்புக்கு இரண்டு மூட்டை என்று
படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

புல்லுக்கு நடுவே குழாய் மாற்றிக்கொண்டிருந்தான்
மொஃபிசுல், நவகாளிக்காரன்.
என் ஓட்டை இந்தியும் அவன் ஓட்டை இந்தியும்
எங்கோ ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன.
அஞ்சு, என்று விரல்களை விரித்தான்.
சில தடவை ஆறு.
உப்புத் தண்ணியில புல்லு மஞ்சளாகுது மேடம்,
மஞ்சளாப் போனா சந்தையில எவனும் தொடமாட்டான்.
பச்சையா இருக்கணும்னு முதலாளி சொல்லுவார்,
எத்தனை மூட்டைன்னு கேட்க மாட்டார்.

மாதிரி எடுக்க வேண்டும் என்றேன்.
கணினியில் ஓடுவதும் மாதிரிதான்,
குப்பியில் அடைப்பதும் மாதிரிதான்,
சரியாகத் தெரியாதபோது
அது மாதிரி, இது மாதிரி என்று
நாம் ஒப்பேற்றுவதும் அதே சொல்தான்.
வெயிலில் குப்பியைத் தூக்கிப் பார்த்தேன்.
தண்ணீர் மாதிரியேதான் இருந்தது.

மோட்டார் அறைக்குப் பின்னால் அவன் தகரக் கொட்டகை,
ஈரச்சாக்கு சுற்றிய கேன்.
குடிப்பதும் இதையா?
இல்ல மேடம், கடையில வாங்குவேன்.
மாசக் கடைசியில மட்டும் இது.
அன்று இருபத்தேழாம் தேதி.
டீ போட்டுக் கொடுத்தான்,
நாலு கரண்டி சர்க்கரை.
அதற்கு அடியிலும் உப்பு இருந்தது.
குடித்தேன்.

ஐந்து என்று திருத்தினேன்.
எண்பத்தொன்பது என்றது கணினி.
கோடு வந்து புள்ளியோடு ஒட்டிக்கொண்டது,
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
மண், பயிர், நீர்மட்டம், மூட்டை.
குடிப்பவர் என்று ஒரு கட்டம் போட
எனக்குத் தெரியும், பத்து நிமிட வேலை.
எந்த அலகில் என்பதுதான்.

ரிசல்ட் வந்தா சொல்லுங்க என்று
நம்பர் கொடுத்திருந்தான்.
கிணறு 17 என்றே சேமித்திருக்கிறேன்,
இன்னும் மாற்றவில்லை.
தொண்ணூற்றொன்று என்று அடித்தேன், அழித்தேன்.
ஐம்பதைத் தாண்டக் கூடாது என்று அடித்தேன்,
தாண்டினால் என்ன செய்வான், அதையும் அழித்தேன்.

இன்று காலை
கிணறு 17 எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தது:
அறுப்புக்கு நிற்கும் புல்.
அப்படியொரு பச்சை.