பிணை

புதன்கிழமை செபக்குழுவில்
நோயாளிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்தது புவிராணி.
வேறு சீட்டு எடுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.
ஏனென்று விளங்கப்படுத்த வேண்டிவரும்.
மூடிக்கொண்டேன்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது
வழக்கம்போல் சிலுவை போட்டேன்.
கைப்பையில் செபமாலை, சின்னப் போத்தலில் தீர்த்தம்,
அடகுக்கடைத் துண்டு.
துண்டை ஏன் எடுத்துவந்தேன்?
அவளுக்குக் காட்டவா?
சீச்சீ, இல்லை என்று
அரசடிச் சந்தி வரை எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

குழுக்கடனில் நாங்கள் ஐந்து பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழும்ப ஏலாது.
செவ்வாய் பத்து மணிக்கு
மோட்டார்சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு
அந்தப் பொடியன் கொப்பியைத் திறப்பான்.
என் மகனளவு. "அன்ரி" என்பான். அசையமாட்டான்.
ஏழு செவ்வாய் புவிராணி வரவில்லை.
மற்ற மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.
ஏழு தவணையும் நான் கட்டினேன்,
தவணைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.
தோடு அடகில். துளை தூர்ந்துவிடாமல்
காதில் ஈர்க்குத் துண்டு.

வார்ட்டில் பதினோராம் கட்டில்.
சிறுநீரகம் என்று சொல்லியிருந்தார்கள்.
முகம் ஊதி, கால் பளபளத்துக் கிடந்தவள்
என்னைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடினாள்,
கடன்காரனுக்குக் கதவைச் சாத்துவதுபோல.
எனக்கு அது பிடித்திருந்தது.
இதை எழுதத்தான் வேண்டும்:
பிடித்திருந்தது.

நெற்றியில் கைவைத்துத் தொடங்கினேன்.
எனக்கு நல்ல குரல்.
பக்கத்துக் கட்டில்காரிகளும் கைகூப்பினார்கள்.
நாலாவது மணியில்
ஏழால் இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பதைப்
பெருக்கிக்கொண்டிருந்தேன்.
ஆறாவதில் அடகு வட்டியையும் கூட்டினேன்.
உதடு "எங்களுக்காக" என்றது.
உள்ளே ஒருவன் மோட்டார்சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுக்
கொப்பியைத் திறந்து வைத்திருந்தான்.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன்
ஆத்தும சோதனை செய்யச் சொல்லுவார்கள்.
நாற்பது வருடமாகச் செய்கிறேன்.
பொய், கோபம், தவறவிட்ட பூசை,
வீடு கூட்டுவதுபோல் தெரிந்த மூலைகளில் மட்டும்.
கட்டிலுக்கடியில் குனிந்ததே இல்லை.

செபம் நின்றுவிட்டது.
விரலில் எத்தனையாவது மணி, தெரியவில்லை.
போர்வைக்குள்ளிருந்து, "என்னக்கா, விட்டுப்போச்சா?"
"இல்லை புள்ள. உன்ட காசை எண்ணிக்கொண்டிருந்தன்."
நீர் ஏறும் குழாயில் ஒரு துளி, இன்னொரு துளி.
"நானும்தான்" என்றாள்.
"செவ்வாய் பத்து மணியானால்
உங்கட காதுதான் கண்ணுக்குள்ள நிற்கும்."

ஊசி ஒட்டிய கையைத் தூக்கி
ஈர்க்குச் செருகிய இடத்தைத் தொட்டாள்.
"கண்ணகைத் தாயே, மாதாவே,
ஆர் கேக்கிறீங்களோ,
இந்த மனுசிட மனம் ஆறட்டும்.
நான் கட்டுவன்.
நான் இல்லாமப்போனா நீங்க கட்டுங்க."
ஆமென் சொல்லும் பழக்கம் அவளுக்கில்லை.
நான் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
அன்று முழுக்க நான் செபித்தது
அந்த ஒரு சொல் மட்டும்.

தாதி வந்து கேட்டாள்:
"எவ்வளவு தண்ணி குடிச்சா? குறிச்சு வையுங்க, கூடக் குடிக்கப்படாது."
தாள் இல்லை. அடகுத் துண்டை எடுத்தேன்.
பின்பக்கம் வெறுமையாய் இருந்தது.
இரண்டு மிடறு, ஐம்பது மில்லி.
பின்னேரம் மூன்று மணி, முப்பது.
வாயை நனைக்க மட்டும், பத்து.
இந்தக் கணக்கில் எனக்குப் பிழை வரவில்லை.

கடன் அங்கேயேதான் கிடக்கிறது.
செவ்வாய் வரும். பொடியன் வருவான்.
எட்டாவது தவணைக்கு என்னிடம் ஒன்றுமில்லை.
மற்ற மூன்று பேரின் வாசலிலும் போய் நிற்கவேண்டும்,
ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம் என்று கேட்க.
கடவுளிடம் கேட்பதைவிட அது கஷ்டம்.
என்ன சொல்வது என்று யோசித்ததில்
திரும்பும் வழியில் பாலம் கடந்துபோயிருந்தது,
சிலுவை போடவில்லை.