பத்து மணி வெயில்

உவர்மலை வீட்டில் ஏழு யன்னல்.
ஆறுக்கு மேல் ஆறு விதமான மரலேஸ்,
குடியிருந்தவர்கள் அவரவர் பாட்டுக்கு அடித்தது.
ஏழாவதில் ஆணித்துளை மட்டும்.

கிண்ணியாவிலிருந்து ஆதம்பாவா ஓடாவி
பால்மாப் பெட்டியை வெட்டி
மூன்று மட்டை கொண்டுவந்தார்:
அலை, திராட்சை, விசிறி.
"ஊசிமுனை வேணாம், வாடை முறிச்சுப் போடும்.
முதிரையில முக்கால் அங்குலம்."

நான் மட்டையைப் பார்க்கவில்லை.
வெயிலுக்குப் பிடிக்கச் சொல்லித்
தரையைப் பார்த்தேன்.
அலை வெறும் கோடு.
திராட்சை, கரப்பான் கூட்டம்.
விசிறி,
ஏணியில் அவர் கை தளரத் தளர
சீமெந்தில் ஊர்ந்து
சக்கர நாற்காலியில் ஏறி
அக்காவின் மடியில் விரிந்தது.

"கை நோகுது தங்கச்சி."

இறக்காதீங்க.
அவள் இன்னும் மடிப்பு எண்ணி முடிக்கவில்லை.