கேள்வி பதினொன்று

பள்ளிக்கூடத்துப் படிவம்
சாருகாவின் பையடியில் மூன்று நாள் கிடந்து
வாழைப்பழத்தின் ஈரம் குடித்து
இன்றைக்குத்தான் வெளியில் வந்தது.
விடிந்தால் கொடுக்கவேணுமாம்.
எனக்குப் பத்து நாற்பதுக்கு பஸ்.

பெயர், வகுப்பு, வீட்டில் கதைக்கும் மொழி,
இதெல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று.
தாயின் கல்வித் தகைமை:
ஐந்து கட்டங்கள்.
உயர்தரத்தில் இரண்டு பாடம் எழுதினேன்.
மூன்றாம் பாடத்துக்கு முதல்நாள்
இடம்பெயர்ந்த சனம் மண்டபத்துக்குள் வந்து தங்கியது.
பசித்த பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க
மேசைகளை உடைத்து எரித்தார்கள்.
அதில் ஒன்றில் என் சுட்டெண் ஒட்டியிருந்தது.
அதற்கு இங்கே கட்டம் இல்லை.
"ஏதாவது ஒண்டைப் போடுங்கோ அம்மா."
போட்டேன்,
அழித்தால் அழியும்படி மெதுவாக.

வீட்டில் எத்தனை புத்தகம்?
பத்துக்குள்ளா, இருபத்தைந்துக்குள்ளா,
நூறா, அதற்கும் மேலா?
எழும்பிப் போய் எண்ணினாள்.
அகராதி இரண்டு, பஞ்சாங்கம் ஒன்று,
பாரவண்டி ஓட்டப் பழகவென்று
தகப்பன் கொண்டுவந்து பாதியில் விட்ட கையேடு,
அபிசன் கடித்து வாலில்லாமல் போன டைனோசர்.
"லைப்ரரிப் புத்தகம் பதினாலு கிடக்கு,
அதுவும் எங்கட கணக்கோ?"
மூன்று கிழமைக்கு எங்கட, என்றேன்.
பதினாலையும் கூட்டி
இரண்டாம் கட்டத்தைக் கறுப்பாக்கினாள்,
கோட்டுக்கு வெளியில் போகாமல்.

பள்ளிக்கு வெளியே பாடம் உண்டா?
அவளோடு ஒரே மேசையில் இருக்கிற ஆரணிக்கு உண்டு.
பல்வைத்தியர் வீட்டுப் பிள்ளை.
கணக்குச் சொல்லித்தர வீட்டுக்கே ஒருவர் வருவார்,
மணித்தியாலத்துக்கு அறுபது டொலர்.
என்னுடையது பதினேழு இருபது.
அவர் ஒரு மணித்தியாலம் இருந்து போக
நான் மூன்றரை மணித்தியாலம் நிற்கவேணும்.
இதை பெல்ட்டுக்கு முன்னால் நின்றே பிரித்துவிட்டேன்,
கையுறையோடு, காகிதம் இல்லாமல்,
மஃபின்கள் ஆறு ஆறாகப் போய்க்கொண்டிருக்க.
மீதியைத்தான் விட்டுவிட்டேன்.
எழுபத்தொன்று எடுத்து வந்து
ஆரணிக்குத் தொண்ணூற்று நாலு என்று
தானாகவே சொன்னவளிடம்
இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை.

கேள்வி பதினொன்று.
பிள்ளை அமைதியாகப் படிக்க வீட்டில் இடம் உண்டா?
ஆம். இல்லை.

ஸ்காபரோவில், எல்ஸ்மியர் வீதியில்,
பதினாலாம் மாடி, ஒற்றை அறை, ஐந்து பேர்.
டிவிக்கும் கேத்திலுக்கும் அபிசனுக்கும் தப்பி
அவள் குளியலறைக்குப் போவாள்.
காய்ந்த தொட்டிக்குள் தலையணை,
குழாய் முதுகில் குத்தாமல் ஒரு துவாய்,
குறுக்கே என் கேக் தட்டம்,
தட்டத்தில் கொப்பி.
சில நாள் வெப்பக் குழாய் கறுமுறு என்னும்,
மேல்வீட்டுத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

பென்சிலை 'இல்லை'க்குக் கொண்டுபோனேன்.
என் கையைத் தள்ளினாள்.
"ஓம் எண்டு போடுங்கோ.
அந்தக் கதவுக்கு மட்டும்தானே
உள்ளால பூட்டு இருக்கு."

பத்து இருபது. நான் சப்பாத்துக் கட்டுகிறேன்.
உள்ளே பின்னங்கள்.
சத்தமாகப் படிப்பாள், ஓடுகளில் பட்டு
ஒவ்வொரு விடையும் இரண்டு தரம் கேட்கும்,
பிழையானதும்.
சித்தப்பா குலேந்திரன் கதவில் தட்டினார்.
ஒரு காலில் நின்றார். மற்றக் காலுக்கு மாறினார்.
"பிள்ளை, இன்னும் கனக்கக் கிடக்கோ?"
"நாலு கணக்கு, சித்தப்பா."

திரும்பத் தட்டக் கை தூக்கினவர்
அதே கையால் ஜாக்கெட்டை எடுத்தார்.
கீழே மூலையில் டோனட் கடை இருக்கிறது.
கோப்பி ஒன்று வாங்கினால்தான்
கழிப்பறைத் திறப்புத் தருவார்கள்.
லிஃப்ட்டில் பதினாலு மாடியும்
இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
அவர் உள்ளங்கையில் சில்லறையை எண்ணினார்.
பத்து சதம் குறைந்தது.
நான் கொடுத்தேன்.