ஐம்பத்திரண்டாவது புள்ளி

ஆறு மணிக்கொரு தடவை
இரும்பைப் போய்ப் பார்க்க வேண்டும்.
விரல் நீளத் துண்டு, மூன்றரை சதவீத உப்புநீர்,
முப்பது நாள், நூற்றிருபது புள்ளி.
துருப்பிடிக்க அதற்கு அவசரமில்லை.
அவசரமெல்லாம் எனக்கு.

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நடுநிசி.
இடையில் உதிரும் நேரத்தில்தான்
குளிப்பது,
இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் ரெக்கார்டு திருத்துவது,
நான்கு மாதமாக வராத உதவித்தொகைக்கு
ஐந்தாவது கடிதம் எழுதுவது,
சாப்பிட்டோமா என்று யோசிப்பது.

பூமிநாதனுக்குப் புதுவயலில் நைட் ஷிஃப்ட்.
அரிசி ஆலையில் மோட்டார் பார்க்கிறான்.
நான் செக்காலை ரோட்டில் வண்டியை எடுக்கும்போது
அவன் மாடிப்படி ஏறுகிறான்.
பத்து மாதக் கல்யாணம் பெரும்பாலும்
கேஸ் புக்கின் பின்னட்டையில் நடக்கிறது:
'மாவு புளிச்சிருச்சு. ஊத்தப்பமா ஊத்திக்க.'
'உங்க அக்கா போன் பண்ணுச்சு. ஞாயித்துக்கிழமை காதுகுத்து.'
'எந்த ஞாயிறு?'
'போன ஞாயிறு.'

தலையணையில் தவிட்டு வாசனை இருந்தால்
வந்து தூங்கிப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.
அவனுக்கு நான் என்ன வாசனையோ.
அசிட்டோனாக இருக்கும்.

பதின்மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்கு
லேப் வாசலில் அவன் பைக்.
ஆலையில் பெல்ட் அறுந்து
எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம்.
"ஒரு கையெழுத்து வேணும்.
வீட்டு அக்ரிமெண்ட் இந்த வாரத்தோட முடியுது."
பேனா எடுக்க உள்ளே போனவள்
பேனாவை விட்டுவிட்டுச்
செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.
"இருபது நிமிசம்" என்றேன்,
அவனிடமா இரும்பிடமா தெரியவில்லை.

ரயில்வே கேட் அடைத்திருந்தது.
கூட்ஸ் வண்டி, ஊர்ந்து ஊர்ந்து.
எண்ணினோம்.
நான் நாற்பத்திரண்டு என்றேன். அவன் நாற்பத்து மூன்று.
கடைசியில் போனது கார்டு வேன்,
அதெல்லாம் ஒரு பெட்டியா என்றேன்.
சக்கரம் இருந்தா பெட்டிதான் என்றான்.
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு
பணத்தைப் பற்றி இல்லாத சண்டை!
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
நாங்கள் நகரவில்லை.
பின்னால் நின்ற நெல் லாரி ஹாரன் அடித்து,
அம்மாவை இழுத்துத் திட்டி,
ஒதுங்கிப் போனது.
ஆறிப்போன முட்டை போண்டா மூன்று இருந்தது.
மூன்றை இரண்டு பேர் பிரிப்பதில்
அடுத்த சண்டை.
அவன் காலரில் ஒரு உமி ஒட்டியிருந்தது.
எடுத்துப்போடக் கை போனது,
இருக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பும்போது மணி ஒன்றே கால்.
இரும்பு கிடந்த இடத்தில் கிடந்தது.

மறுநாள் வேதநாயகி மேடம்
வரைபடத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.
"முந்நூற்றுப் பன்னிரண்டாவது மணியில என்ன?"
"கரண்ட் போயிருச்சு மேடம்."
மேடம் வீட்டுக்கும் அதே லைன்தான்.
கண்ணாடியைக் கழற்றினார்,
முந்தானையில் துடைத்தார்,
சுத்தமான பிறகும் துடைத்தார்.
"பொய்யா ஒரு புள்ளி வைக்காம விட்டியே. சரி.
கோட்டை மட்டும் இழுத்துடு."

இழுத்தேன்.
முந்நூற்றாறிலிருந்து முந்நூற்றுப் பதினெட்டுக்கு
வழுக்கிக்கொண்டு போகிறது கோடு,
வழியில் எந்தக் கேட்டும்
அடைத்திருக்கவே இல்லை என்பதுபோல.

மாலை ஆறு மணி அளவை எடுத்துவிட்டு
வீட்டுக்குப் போனேன்.
அவன் கிளம்பியிருந்தான்.
காலையில் கேஸ் புக்கில் நான் எழுதிவைத்தது,
'நாப்பத்திரெண்டுதான்.'
அதன் கீழே, அட்டையின் கடைசி இடுக்கில்,
எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி:
'நாப்பத்து மூணு.
கையெழுத்துப் போடவே இல்ல நீ.'